பிழைத்திருத்தல்

கேம்பிரிட்ஜுக்கு வடக்கே,
நாலு மணிக்கே இருட்டிவிடும் நவம்பரில்,
பழைய தானியக் கொட்டகையொன்றில் பதினான்கு பேர்.
புகைபோக்கி இல்லை. லாரி வருவதில்லை.
பால்காரர் ஒருநாள் நின்று கேட்டார்,
உள்ளே அப்படி என்னதான் செய்கிறீர்கள்?
சிப் என்றான் கிரேம்.
மூக்கைத் தூக்கிக் காற்றை மோந்தார் அவர்.
எண்ணெய்ச் சட்டியின் வாசம் இல்லாததில்
கொஞ்சம் ஏமாற்றம்.

அவர் சந்தேகப்பட்டது சரிதான்.
நாங்கள் எதையும் செய்வதில்லை.
வரைகிறோம்.
வரைந்ததை ஐந்து பேருக்கு விற்கிறோம்,
விற்ற பிறகும் அது எங்கள் மேசையில்தான் இருக்கிறது.
சின்ச்சுவில் ஒருவரும் சுவோனில் ஒருவரும்
மணலை உருக்கி, அதில் எங்கள் கோடுகளை இழுத்து,
மேலே தங்கள் பெயரைப் போட்டுக்கொள்கிறார்கள்.
தலைக்கு ஒரு பென்னியும் சொச்சமும்
காலாண்டுக்கு ஒருமுறை வந்து சேரும்.

கூட்டுவது, பெருக்குவது, நகர்த்துவது எல்லாம்
மற்றவர்கள் வரைந்தார்கள்.
எனக்கு வந்தது தூக்கம்.

சும்மா இருக்கும்போது எப்படி இருப்பது,
அது என் பகுதி.
பிஸ்கட் அளவு பேட்டரி, ஒரு சொட்டும் சிந்தக் கூடாது.
யாரும் பெருக்காதபோது
பெருக்கும் அறையில் விளக்கணைத்தேன்.
கடிகாரத் துடிப்பை வாசலிலேயே நிறுத்தினேன்.
ஒரு காது மட்டும் திறந்திருக்கும்,
விரல் பட்டால், அழைப்பு வந்தால், விருட்டென்று எழ.
கோழித் தூக்கம்.
ஒப்பந்தம் பேச வருகிறவர்களிடம்
வரைபடத்தின் அந்த மூலையை
நானே விரல் வைத்துக் காட்டுவேன்.

பிரையனி தர்கெட்டில்,
கம்பளிக் கையுறையோடு தட்டச்சு செய்பவள்,
நாங்கள் வரைந்ததை உடைக்கவென்றே சம்பளம் வாங்குபவள்,
ஒரு வியாழன் இரவு
திரையிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னாள்:
உன் தூக்கத்தில் ஓட்டை, ஹெஸ்டர்.

தூங்கு என்ற சொல் போய்ச் சேரும் அதே துடிப்பில்
எழு என்ற மணியும் அடித்தால்
காது மூடிக்கொள்கிறது.
பிறகு யார் கூப்பிட்டாலும் எழாது.
பின்மூடியைக் கழற்றி, பேட்டரியைப் பிடுங்கி,
திரும்பப் போட வேண்டும்.
கோடியில் ஒருமுறை நடக்கலாம் என்றேன்.
நொடிக்கு எத்தனை கோடி துடிக்கிறது என்றாள்.

மணலில் எழுதினால் அழிந்துவிடும் என்பார்கள்.
இந்த மணலில் எழுதியது அழியாது.
அதற்குள் நாலு கோடிப் பிரதிகள்
சட்டைப்பைகளில் நடமாடிக்கொண்டிருந்தன.
சின்ச்சுவிலிருந்து சுவாங் பெய்லிங் பேசினார்.
அங்கே விடியற்காலை, பின்னால் யாரோ இருமினார்கள்.
அச்சை மாற்ற ஐந்து மாதம் என்றார்,
ஆகும் தொகையைச் சொல்லும்போது
குரலைத் தாழ்த்திக்கொண்டார்.
வேறு ஏதாவது சொல்லுங்கள்.

மூன்று நாள் கழித்துச் சொன்னேன்.
தூங்கு என்பதற்கு முன்னால்
ஒன்றும் செய்யாதே என்று ஒரு கட்டளை வையுங்கள்.
ஒரு துடிப்பு வெறுமனே போகட்டும்.
அந்த இடைவெளியில் மணி அடித்தால் கேட்டுவிடும்.
தொலைபேசியில் நெடுநேரம் இரைச்சல் மட்டும்.
பிறகு, இவ்வளவுதானா என்றார் பெய்லிங்.

ஆவணத்தில் அது பக்கம் அறுபத்திரண்டு.
பிழை எண் முப்பத்தேழு.
நிலை: திருத்தப்படாது.
பிழை பிழைத்துக்கொண்டது.
வேலையில் என் பெயர் அச்சானது அங்கே மட்டும்தான்,
அதுவும் வெறும் முதலெழுத்துகளாக.

இன்று ஈலியிலிருந்து லண்டன் போகும் ரயிலில்
எதிரே ஒரு வெல்டர்,
தீப்பொறி தின்ற ஜாக்கெட்,
வாய் திறந்து தூங்குகிறார்.
மார்பின்மேல் கவிழ்ந்து கிடக்கும் அந்தக் காலத்துக் கைபேசியும்
ஒரு துடிப்பு ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டுத்
தூங்கப் போயிருக்கும்.
நான் எண்ணிக்கொண்டிருந்தேன், எதை என்று தெரியாமல்.
மணி அடித்தது.
அதுதான் முதலில் எழுந்தது.
அவர் தடவி எடுத்து, தொண்டையைச் செருமி,
இல்லையே,
நான் எங்கே தூங்கினேன்,
என்றார் யாரிடமோ.